சின்னப் பிராணி வளர்க்க ஆசை: ஹாம்ஸ்டரா, முயலா, எலியா?

மாலைநேரம் எழுதியது:

வணக்கம். வீட்டில் ஒரு சின்னப் பிராணி வளர்ப்பது என்று முடிவாகிவிட்டது. எது என்பதில்தான் மூன்று வாரமாக இழுபறி.

நான், மனைவி, பதினோரு வயது மகள். நாயும் பூனையும் கூடாது என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். கூண்டுக்குள் இருக்கிற எதுவானாலும் அவருக்குச் சம்மதம். பகலில் வீட்டில் யாரும் இருக்க மாட்டோம். மாலை ஆறு மணிக்கு மேல்தான் ஆள் நடமாட்டம்.

மகள் முதலில் ஹாம்ஸ்டர் கேட்டாள், எலி மாதிரி குண்டாக, குட்டை வாலோடு இருக்குமே, அது. எனக்கு முயல் மேல் ஒரு கண். இதற்கிடையில் மகள் தன் தோழி வீட்டுக்குப் போனாள். அங்கே எலி வளர்க்கிறார்களாம். திரும்பி வந்து, "அப்பா, அது என் சட்டைக் கைக்குள்ளயே புகுந்து தூங்கிடுச்சு" என்றாள். அன்றிலிருந்து ஹாம்ஸ்டர் பேச்சையே காணோம். மனைவியோ, "வால் இல்லாத எதையாவது கொண்டு வாங்க" என்கிறாள். முயலுக்கும் வால் உண்டு என்று சொல்லி நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

உண்மையைச் சொன்னால் எலி என்றதும் எனக்கும் பொறிதான் நினைவுக்கு வருகிறது. நிஜமாகவே அது வளர்ப்பதற்கு நல்ல பிராணியா, இல்லை வித்தியாசமாக இருக்கட்டும் என்று வளர்க்கிறார்களா? கையில் எடுத்துக் கொஞ்ச முடிகிற, நாற்றம் தாங்கக்கூடிய ஒன்று வேண்டும். அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

கூண்டுக்காரி எழுதியது:

ஏழு வருஷமாக எலி வளர்க்கிறேன். இதுவரை பதினான்கு. அதில் ஏழு நான் கேட்காமலே வந்தவை, அந்தக் கதையைக் கீழே சொல்கிறேன். அதனால் நான் நடுநிலையாகப் பேசுவேன் என்று எதிர்பார்க்காதீர்கள்.

முதலில் ஒன்றைத் தீர்மானியுங்கள். பிராணியை உட்கார்ந்து வேடிக்கை பார்க்க ஆசையா, அது உங்கள் மேல் ஏறி உட்கார வேண்டுமா? வேடிக்கை பார்க்க என்றால் ஹாம்ஸ்டர் அருமையானது. கன்னப் பைகளில் தானியத்தை அடைத்துக்கொண்டு, தலை உடம்பைவிடப் பெரிதாகி, தன் வளைக்குள் நுழைய முடியாமல் முட்டிக்கொண்டு நிற்கும் பாருங்கள், அதற்கே டிக்கெட் போடலாம். நானும் ஹாம்ஸ்டரில்தான் ஆரம்பித்தேன். ஆனால் நான் தூங்கப் போகிற நேரத்தில்தான் அது கண் விழிக்கும். சாயங்காலம் எழுப்பினால் கடி. அதன்மேல் குற்றமில்லை. வீடுகளில் வளர்கிற சிரிய ஹாம்ஸ்டர்களில் பெரும்பாலானவை 1930-இல் சிரியாவில் அலெப்போ நகரத்துக்கு அருகே மண்ணைத் தோண்டி எடுத்த ஒரே தாயின் குட்டிகளிலிருந்து வந்தவை. காட்டில் அது தனியாக வாழ்கிற பிராணி. வளர்ந்த இரண்டை ஒரே கூண்டில் விட்டால் ஒன்றையொன்று கொன்றுகூடப் போடும். "எலி வளையானாலும் தனி வளை வேண்டும்" என்று நம் ஆட்கள் சொன்னது, என் கணக்கில், ஹாம்ஸ்டரைப் பார்த்துச் சொல்ல வேண்டியது. எலிக்குத் தனி வளை என்றால் அது தண்டனை.

முயல் உங்கள் ஆசை என்கிறீர்கள். நன்றாகப் பார்த்துக்கொண்டால் எட்டிலிருந்து பன்னிரண்டு வருஷம் இருக்கும். மகளுக்கு இருபது வயதாகும்போது அவள் எங்கே இருப்பாளோ, புல் அள்ளிப் போடுகிற ஆள் நீங்கள்தான். தவிர முயலைத் தூக்கினால் பெரும்பாலும் அதற்குப் பிடிக்காது. பயந்து பின்னங்காலால் உதைத்துத் தன் முதுகெலும்பையே முறித்துக்கொண்ட முயல்கள் உண்டு. கூண்டுக்குள் அடைத்து வைக்கிற பிராணியும் இல்லை அது, ஓட இடம் வேண்டும்.

சரி, எலி. கதவில் சாவி திரும்புகிற சத்தம் கேட்டதும் என் கூண்டின் முன்பக்கக் கம்பியில் நாலு மூக்கு ஒட்டிக்கொண்டிருக்கும். தீனிக்காக என்றுதான் முதலில் நினைத்தேன். ஒரு நாள் தீனித் தட்டு நிறைந்திருக்கும்போதே கதவைத் திறந்து பார்த்தேன். தட்டைத் தாண்டி என் கையில் ஏறி, தோளுக்கு வந்து, காதோரம் மீசை உரச முகர்ந்துவிட்டு, கழுத்துக்கும் சட்டைக் காலருக்கும் நடுவில் போய்ச் சுருண்டுகொண்டது. இயற்கையில் அது இரவுப் பிராணிதான். ஆனால் வீட்டு மனிதர்கள் எப்போது கிடைப்பார்கள் என்று கணக்குப் போட்டுத் தன் தூக்கத்தை மாற்றிக்கொள்ளும். உங்கள் மாலை ஆறு மணிக்கு அது சரியாக இருக்கும்.

இன்னொன்று. மடியில் படுத்திருக்கிற எலியின் கன்னத்தை விரலால் மெதுவாகத் தடவிக்கொண்டே இருங்கள். கொஞ்ச நேரத்தில் பற்களை ஒன்றோடொன்று தேய்க்கத் தொடங்கும். கறகறவென்று சன்னமாகக் கேட்கும். அது உச்சத்துக்குப் போனால் கண்கள் இரண்டும் படபடவென்று உள்ளேயும் வெளியேயும் துடிக்கும். முதல்முறை பார்த்தபோது வலிப்பு வந்துவிட்டது என்று நினைத்து, எலியைத் துணியில் சுற்றி மருத்துவரிடம் ஓடப் பார்த்தேன். விஷயம் என்னவென்றால், தாடையை அசைக்கிற தசை ஒன்று கண்குழி வழியாகப் போகிறது. பல் தேய்க்கும்போது அது கண்ணைப் பின்னாலிருந்து தள்ளுகிறது. அவ்வளவுதான். பூனை குறுகுறுப்பது போல, எலி சுகமாக இருக்கிறது என்று பெரும்பாலும் அர்த்தம். (பயத்திலும் சில சமயம் பல் தேய்க்கும். உடம்பு தளர்ந்து கிடக்கிறதா, விறைத்திருக்கிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும்.)

எலி சிரிக்கவும் செய்யும், நமக்குத்தான் கேட்காது. 1990-களின் கடைசியில் ஜாக் பாங்க்செப் என்ற ஆய்வாளர் எலிகளுக்குக் கிச்சுகிச்சு மூட்டிப் பார்த்தார். அவை 50 கிலோஹெர்ட்ஸ் அளவில் கீச்சிட்டன. நம் காது 20-க்கு மேல் எட்டாது. பெர்லினில் உள்ள ஹம்போல்ட் பல்கலைக்கழகத்தில் எலிகளுக்குக் கண்ணாமூச்சி விளையாடக் கற்றுக்கொடுத்து 2019-இல் கட்டுரை வெளியிட்டார்கள். கண்டுபிடித்தால் பரிசு தீனி இல்லை, கிச்சுகிச்சுதான். தேடுகிற முறை வந்தால் கீச்சிட்டுக்கொண்டே தேடின, ஒளிகிற முறை வந்தால் வாயைத் திறக்கவில்லையாம். என் வீட்டில் குண்டுமணி திரைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு வாலை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருப்பாள். எல்லா எலியும் பெர்லின் எலி இல்லை.

இனி கஷ்டங்கள். ஒற்றை எலி வளர்க்கவே கூடாது. குறைந்தது இரண்டு, இரண்டும் ஒரே பாலாக இருக்க வேண்டும். "இரண்டுமே பெண்தான், நான் பார்த்துவிட்டேன்" என்று கடைக்காரர் சொன்னதை நம்பித்தான் என் முதல் ஜோடியை வாங்கி வந்தேன். எலிக்கு ஐந்து வாரத்திலேயே பருவம் வந்துவிடும். சினைக்காலம் 21 முதல் 23 நாள். ஒரு நாள் காலை, கூண்டில் அவை தூங்கக் கட்டியிருந்த தொட்டில் துணியை விலக்கினால், தோல் மட்டும் போர்த்திய, கண் திறக்காத, இளஞ்சிவப்பாக ஒன்பது குட்டிகள். அந்த இன்னொரு 'பெண்' பக்கத்தில் உட்கார்ந்து முகம் கழுவிக்கொண்டிருந்தது. ஆண் எலியின் விதைப்பை ஐந்தாறு வாரத்திலேயே வால் அடியில் பளிச்சென்று தெரியும். எனக்கு அங்கே பார்க்க வேண்டும் என்றுகூடத் தெரியவில்லை. குட்டி போட்ட அன்றே தாய் மறுபடி சினையாகிவிடும் என்று படித்துவிட்டு, அரைமணி நேரத்தில் அப்பனைப் பழைய ஹாம்ஸ்டர் கூண்டுக்கு மாற்றினேன். இரண்டு குட்டிகளைத் தெரிந்தவர்கள் எடுத்துக்கொண்டார்கள். ஏழு நம் வீட்டோடு. ஐந்து வாரத்தில் ஆண் குட்டிகளையும் பிரித்து அப்பனோடு விட்டேன்.

இதைவிடப் பெரிய கஷ்டம் ஒன்று இருக்கிறது. இரண்டு வருஷம், மிஞ்சினால் மூன்று. அதற்கு மேல் இருக்காது. மகளிடம் இதை வாங்குவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

புல்கட்டு எழுதியது:

கூண்டுக்காரி எலி புராணம் பாடி முடித்துவிட்டார். கினிப்பன்றியை யாருமே சொல்லவில்லையே! பெயரில்தான் பன்றி, கொறிக்கிற சின்னப் பிராணிதான்.

பகலில் விழித்திருக்கும். கடிப்பது அபூர்வம். ஐந்திலிருந்து எட்டு வருஷம் இருக்கும். குளிர்பெட்டிக் கதவு திறக்கிற சத்தத்துக்கே வீடு அதிர 'வீக் வீக்' என்று கத்தும். சந்தோஷம் வந்தால் நின்ற இடத்திலிருந்தே நாலு காலும் தூக்கித் துள்ளும். வாலும் வெளியே தெரியாது, உங்கள் மனைவிக்கு நிம்மதி.

இதுவும் ஜோடியாகத்தான் வேண்டும். வைட்டமின் சி-யை அதன் உடம்பு தானாக உண்டாக்காது, நம்மைப் போலத்தான். தினமும் தீனியில் கொடுக்காவிட்டால் ஸ்கர்வி என்ற சத்துக்குறைவு நோய் வரும். உலர்புல் எந்நேரமும் இருக்க வேண்டும். ஆனால் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன்: சட்டைக் கைக்குள் புகுந்து தூங்காது. மடியில் வைத்தால் இருக்கும், ஆனால் "எப்போது விடுவாய்" என்கிற முகத்தோடு இருக்கும். நான்கு வருஷமாக அந்த முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன், அலுக்கவில்லை.

சும்மாகேட்கிறேன் எழுதியது:

எல்லாம் சரி. எலி சிறுநீரில் லெப்டோஸ்பைரோசிஸ் என்கிற எலிக்காய்ச்சல் பரவும் என்று படித்ததில்லையா? குழந்தை இருக்கிற வீட்டில் தெரிந்தே எலியைக் கொண்டு வந்து வைப்பதா? சாக்கடையில் ஓடுகிறதும் இதுவும் ஒரே இனம்தானே?

கூண்டுக்காரி எழுதியது:

ஒரே இனம்தான், மறைக்கவில்லை. ரேட்டஸ் நார்வெஜிகஸ் என்கிற பழுப்பு எலி. இங்கிலாந்தில் விக்டோரியா அரசி காலத்தில் ஜாக் பிளாக் என்று ஒரு எலி பிடிப்பவர் இருந்தார். பிடித்ததில் வெள்ளை, திட்டு, சாம்பல் என்று நிறம் மாறிப் பிறந்தவற்றைக் கொல்லாமல் வளர்த்து விற்றார். 1901-இல் மேரி டக்ளஸ் என்ற பெண்மணி கேட்டுக்கொண்டதன் பேரில் சுண்டெலிக் கண்காட்சியில் எலிக்கும் இடம் கொடுத்தார்கள். அதற்கப்புறம் ஆய்வுக்கூடங்களிலும் வீடுகளிலும் எத்தனையோ தலைமுறை, சாதுவானதைத் தேர்ந்தெடுத்துத் தேர்ந்தெடுத்து வளர்த்துவிட்டார்கள். ஓநாயும் நாயும் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நோய் பற்றி நீங்கள் கேட்டது நியாயம். லெப்டோஸ்பைரோசிஸ் பெரும்பாலும் வெளி எலிகளின் சிறுநீர் கலந்த தண்ணீர், சேற்றிலிருந்து வருகிறது. கூண்டில் பிறந்து வளர்ந்ததில் அந்த ஆபத்து மிகக் குறைவு, ஆனால் இல்லவே இல்லை என்று சொல்ல மாட்டேன். எலிக்கடிக் காய்ச்சல் என்று ஒன்றும் உண்டு. அந்தக் கிருமி ஆரோக்கியமான எலியின் வாயிலேயே குடியிருக்கும். கடித்துவிட்டால் உடனே சோப்பு போட்டுக் கழுவுங்கள். அதற்குப் பின்னால் காய்ச்சல், மூட்டுவலி, தடிப்பு வந்தால் "எலி கடித்தது" என்று மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள், சொன்னால்தான் அவருக்குத் தோன்றும். ஐந்து வயதுக்குக் கீழே பிள்ளைகளோ, நோய் எதிர்ப்பு குறைந்தவர்களோ இருக்கிற வீட்டுக்கு எலி வேண்டாம் என்றுதான் நானே சொல்வேன். ஹாம்ஸ்டரும் சும்மா இல்லை: அதிலிருந்தும் சுண்டெலியிலிருந்தும் பரவுகிற எல்.சி.எம்.வி. என்ற வைரஸ் கர்ப்பத்தில் இருக்கிற சிசுவைப் பாதிக்கும். பதினோரு வயதுப் பெண், தொட்டபின் கை கழுவுகிற பழக்கம் இருந்தால் பயமில்லை.

வெளி எலிக் குட்டியைப் பிடித்து வளர்க்கிற வேலை மட்டும் வேண்டாம். வீட்டில் எங்காவது எலி மருந்து வைத்திருந்தால் எடுத்துவிடுங்கள். எலியால் வாந்தி எடுக்க முடியாது, தின்றால் தின்றதுதான். உங்கள் ஊர் விதிகளையும் பார்த்துக்கொள்ளுங்கள். கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில் வளர்ப்பு எலிக்கே தடை, கலிபோர்னியாவில் ஜெர்பில் என்ற எலி மாதிரிப் பிராணிக்கும் ஃபெரட் என்ற கீரி மாதிரிப் பிராணிக்கும் தடை.

மாலைநேரம் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. மகள் எல்லாப் பதில்களையும் சத்தமாக வாசித்தாள். கண் துடிக்கிற இடத்தில் மனைவிகூடச் சிரித்துவிட்டாள். ஆனால் வால் விஷயத்தில் அசையவில்லை. நாற்றம் பற்றியும் யாரும் வாய் திறக்கவில்லை. கூண்டு எப்படிப்பட்டது வேண்டும்?

கூண்டுக்காரி எழுதியது:

வால்: எலிக்கு நம்மைப் போல வேர்த்து உடம்பைத் தணித்துக்கொள்ள முடியாது, நாயைப் போல நாக்கைத் தொங்கப் போட்டு இரைக்கவும் தெரியாது. உடம்புச் சூட்டை வால் வழியாகத்தான் விடும். வெக்கையான நாளில் வாலைத் தொட்டால் கதகதப்பாக இருக்கும். கயிற்றில் நடக்கும்போது சமநிலைக்கும் அதுதான். கிட்டத்தில் பார்த்தால் மொழுமொழுவென்று இருக்காது, சின்னச் சின்ன செதில்கள், நடுநடுவே குட்டை முடி. உங்கள் மனைவியை வாலிலிருந்து ஆரம்பிக்கச் சொல்லாதீர்கள். முன்னங்கைகளைப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு பட்டாணியை இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பித் திருப்பி, தோலை உரித்துக் கீழே போட்டுவிட்டு உள்ளே இருப்பதை மட்டும் தின்னும். என் அம்மா மனம் மாறியது அந்தத் தோலைப் பார்த்துத்தான். ஒன்று முக்கியம்: வாலைப் பிடித்து ஒருபோதும் தூக்கக் கூடாது. தோல் உரிந்து கையோடு வந்துவிடும்.

நாற்றம்: பெண் எலியைவிட ஆணுக்கு வாசம் கூடுதல். நடக்கிற இடமெல்லாம் சொட்டுச் சொட்டாகச் சிறுநீர் விட்டுக் குறி வைக்கும், உங்கள் கை உட்பட. 'இது என்னுடையது' என்று அர்த்தம், பெருமைப்படுங்கள். புழுக்கையை ஒரு மூலைத் தட்டில் போடப் பழக்கலாம், சிறுநீரை முழுசாகப் பழக்க முடியாது. கூண்டை நாற்றம் போகிற வரை தினமும் தேய்த்துக் கழுவினால் தன் வாசம் போய்விட்டதே என்று இரட்டிப்பாகக் குறி வைக்கும். நான் மூலைத் தட்டைத் தினமும், துணிகளை வாரத்தில் இரண்டு நாள், மொத்தக் கூண்டை வாரம் ஒருமுறை சுத்தம் செய்கிறேன்.

இது நம் மூக்குக்காக மட்டும் இல்லை. பெரும்பாலான வளர்ப்பு எலிகளின் மூச்சுப்பாதையில் மைக்கோபிளாஸ்மா என்ற கிருமி குடியிருக்கும். சிறுநீரிலிருந்து கிளம்புகிற அம்மோனியா ஏறினால் அது தலைதூக்கும். அதனால்தான் கண்ணாடித் தொட்டி வேண்டாம், காற்று புகும் கம்பிக் கூண்டு வேண்டும் என்கிறோம். தேவதாரு, பைன் மரத்தூளும் வேண்டாம், அந்த வாசனை எண்ணெய் நுரையீரலுக்கு ஆகாது. காகிதத்தில் செய்த அடிப்பரப்பு நல்லது. கம்பிக்குக் கம்பி ஒன்றேகால் சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி இருந்தால் குட்டி நழுவிவிடும். தலை நுழைந்தால் உடம்பும் நுழையும். உயரமான கூண்டாக, நடுநடுவே தட்டு வைத்து, பழைய துணியில் தொட்டில் கட்டிவிடுங்கள். ஒரு நாள் விடாமல் ஒரு மணிநேரமாவது வெளியே விட வேண்டும், மின்கம்பிகளை மறைத்துவிட்டு. எதையும் கடிக்கும், தூக்கிக்கொண்டும் போகும். புத்தக அலமாரியை நகர்த்தியபோது பின்னால் பேனா மூடி ஏழு, ஒற்றைக் காலுறை ஒன்று, நான் இரண்டு மாதம் தேடிய சாவி.

கண்ணோரம் சிவப்பாக வழிந்தால் ரத்தம் என்று அலறாதீர்கள், போர்ஃபைரின் என்ற நிறமி அது. கொஞ்சமாக என்றால் தூக்கக் கலக்கம். நிறைய என்றால் எங்கோ உடம்பு சரியில்லை. பெண் எலிகளுக்கு வயதானால் மார்பில் கட்டி வருவது அதிகம். எலி பார்க்கத் தெரிந்த மருத்துவர் ஒருவரை வாங்குவதற்கு முன்பே கண்டுபிடித்து வையுங்கள். நாய் பூனை பார்க்கிறவர்கள் எல்லோரும் எலி பார்ப்பதில்லை.

அந்த ஒன்பது குட்டியின் அப்பன், புழுதி என்று பெயர் வைத்தேன், அவனைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இரண்டே கால் வயதில் பின்னங்கால்கள் தளர்ந்தன. வயதான ஆண் எலிகளுக்கு இது சகஜம். மேல்தட்டுகளை எடுத்துவிட்டு எல்லாவற்றையும் தரையிலேயே வைத்தேன். முதுகைத் தானே நக்கிக்கொள்ள முடியாமல் போனது. மகன்களில் ஒருவன் தினமும் உட்கார்ந்து அப்பனின் முதுகைச் சுத்தம் செய்தான். தீனியைக் குழைத்து ஊசியில்லாச் சிரிஞ்சில் நான் கொடுப்பேன். கடைசி வாரம்கூட, சாவிச் சத்தம் கேட்டால் பின்காலை இழுத்துக்கொண்டு கதவு வரைக்கும் வருவான்.

மாலைநேரம் எழுதியது:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். இரண்டு பெண் குட்டிகள் வந்தாயிற்று. வால் அடியில் நானே பார்த்தேன், மருத்துவரிடமும் காட்டி உறுதி செய்துகொண்டேன். ஒன்று முழுக் கறுப்பு. இன்னொன்றுக்குத் தலையும் தோளும் மட்டும் சாம்பல், முக்காடு போட்ட மாதிரி.

முதல் நான்கு நாள், கூண்டுக்குள் ஒளிந்துகொள்ள வைத்த வீட்டுப் பெட்டியை விட்டு வெளியே வரவில்லை. மகள் அழ ஆரம்பித்துவிட்டாள். அப்புறம் அவள் கூண்டுக்கு முன்னால் உட்கார்ந்து பாடப் புத்தகத்தைச் சத்தமாகப் படிக்க ஆரம்பித்தாள், கையை உள்ளே சும்மா வைத்துக்கொண்டு. ஐந்தாம் நாள் கறுப்பு வந்து விரல் நகத்தை நக்கியது. இப்போது மகளின் சட்டைக் கை கிழிந்திருக்கிறது. அவளுக்கு அதில் வருத்தம் இல்லை.

மனைவி இன்னும் தொடவில்லை. ஆனால் நேற்று இரவு பட்டாணியை ஒவ்வொன்றாகக் கம்பி வழியே கொடுத்துக்கொண்டிருந்தாள், நான் பார்க்கவில்லை என்று நினைத்து.

ஒரு அவசரக் கேள்வி. அவளுடைய காதணி ஒன்றைக் காணவில்லை. புத்தக அலமாரிக்குப் பின்னால் பார்த்துவிட்டேன்.

கூண்டுக்காரி எழுதியது:

தொட்டிலில் இரண்டு அடுக்குத் துணி இருந்தால் அடுக்குகளுக்கு நடுவில். இல்லையென்றால் வீட்டுப் பெட்டியின் பின் மூலை, தீனிக் குவியலுக்கு அடியில். சாம்பல்தான் எடுத்திருக்கும், முக்காடு போட்டவர்களை நம்பக் கூடாது.